ஒரே இழையில் மூன்று நாடாக்கள்

5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்த இடமளிக்கும் வரைவு விதிகளை இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதத்தில் வெளியிட்டதிலிருந்து, ஏழாம் தலைமுறை வைஃபை, தனியார் 5ஜி, செயற்கைக்கோள் இணையம் என்று சிறுதொழில் நடத்துவோரின் காதில் விழும் பெயர்கள் பெருகிவிட்டன. காஞ்சிபுரம் காந்தி சாலையில் பட்டுக்கடை வைத்திருப்பவருக்கும், அருகிலுள்ள கூரம் போன்ற ஊரிலிருந்து தொழில் செய்பவருக்கும் இவற்றுள் எது கொடுக்கும் காசுக்குத் தகும் என்பதே கேள்வி. விற்பவர்கள் வேகத்தைச் சொல்லி விற்கிறார்கள். கடையில் தட்டுப்படும் சிக்கலோ பெரும்பாலும் வேகத்தால் வருவதன்று, யார் எப்போது பேசுவது என்ற முறை குலைவதால் வருவது.

பில் போடும் கணினி, பார்கோடு படிக்கும் கருவி, அட்டை தேய்க்கும் கருவி, கண்காணிப்புக் கேமரா ஆகிய எல்லாம் ஒரே ரவுட்டரை நம்பியிருக்கும்போது, பழைய வைஃபையில் ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே பேச முடியும். மற்றவை காத்திருந்து, அலை ஓய்ந்ததும் ஒவ்வொன்றும் தற்செயலான சிறு இடைவெளி விட்டு முயலும். அட்டைக் கருவி அனுப்ப வேண்டியது சில நூறு எழுத்துகளே என்றாலும், அதற்காக அலைவரிசையின் முழு அகலமும் அதன் வசமாகிறது. காத்திருப்பதற்கும் செய்திக்கு முன் அனுப்பும் முகவுரைக்கும் செலவாகும் நேரம் செய்திக்குச் செலவாகும் நேரத்தைவிட மிகுந்துவிடுகிறது. ஆறாம் தலைமுறை வைஃபை இந்த வீணடிப்பைத்தான் குறைக்கிறது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அது 256 துணை அலைகளாகப் பகுத்து, அவற்றைக் கட்டுக்கட்டாகப் பிரித்து, ஒன்பது கருவிகள் வரை ஒரே கணத்தில் பேச வைக்கிறது.

காஞ்சிபுரத்தில் இதை விளக்கத் தறியைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. கரைக்கு ஒரு நிறமும் உடலுக்கு வேறு நிறமுமாக நெய்யப்படும் கோர்வைச் சேலையில், ஒரே ஊடை வரிசைக்குள் மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு. நெசவாளருடன் ஓர் உதவியாளரும் அமர்ந்து நாடா வீசுகிறார், மூன்றும் ஓடி முடிந்தபின்தான் அச்சு அடிக்கப்படுகிறது. சேலையின் அகலத்தை அலைவரிசை என்றும் நீளத்தை நேரம் என்றும் கொண்டால், பழைய வைஃபை ஒரு வரிசை முழுவதையும் ஒரே நிறத்துக்குக் கொடுத்த தறி, புதியது கோர்வைத் தறி. எல்லா நாடாக்களும் முடியும்வரை அச்சு காத்திருப்பதுபோலவே, இங்கும் குறைவாகப் பேச வேண்டிய கருவி மிச்ச நேரத்தைப் பொருளற்ற நிரப்பு எழுத்துகளால் நிரப்பிக்கொண்டு மற்றவற்றோடு ஒன்றாக முடிக்கிறது. கரை இழையும் உடல் இழையும் கோர்வையில் ஒன்றையொன்று பின்னிப் பிணைவதைப்போலத் துணை அலைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே கிடக்கின்றன; ஒன்று உச்சத்தில் நிற்கும் இடத்தில் மற்றவை யாவும் சரியாகச் சுழியாகும்படி அவற்றின் இடைவெளி 78.125 கிலோஹெர்ட்ஸ் என்று வகுக்கப்பட்டிருப்பதால் குழப்பம் நேர்வதில்லை. ஆனால் கோர்வை நெசவாளரின் வேலையைக் கூட்டுகிறது, வைஃபையிலோ நேரம் மிச்சமாகிறது. ஒப்புமையின் இழை இந்த இடத்தில் அறுந்துபோகிறது.

வியப்புக்குரிய பகுதி உதவியாளரின் பக்கத்தில், அதாவது கருவிகளின் பக்கத்தில், இருக்கிறது. கருவிகள் ரவுட்டரை நோக்கி ஒன்றாகப் பேச வேண்டுமானால், அவை ஒரே நேரத்தில் தொடங்குவதோடு ஒரே சுருதியிலும் இருந்தாக வேண்டும். கருவிக்குள் தாளம் போடும் படிகம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலும், 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் அது 100 கிலோஹெர்ட்ஸ் பிழையாகிவிடும். அதாவது பக்கத்துத் துணை அலையையே தாண்டிப் போய்விடும். ஆகவே ரவுட்டர் முதலில் ‘இப்போது வீசுங்கள்’ என்ற சிறு அறிவிப்பை அனுப்புகிறது. அதைக் கேட்கும் ஒவ்வொரு கருவியும் ரவுட்டரின் சுருதிக்குத் தன்னைத் திருத்திக்கொண்டு, 350 ஹெர்ட்ஸுக்குள் பிழையை அடக்கி, மைக்ரோநொடியின் பாதிக்கும் குறைவான பிசகோடு வாய் திறக்கிறது. சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள பெட்டி ஒன்று இதை நொடிக்குப் பலமுறை செய்கிறது.

வரலாறு என்று பார்த்தால் இதில் புதுமை குறைவு. 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் அமைத்த அலோஹா வலையில் கருவிகள் நினைத்தபோது பேசின, வழியில் அதிகபட்சம் 18 விழுக்காடே பயன்பட முடிந்தது; 1997-இல் வந்த முதல் வைஃபை தரநிலை, கேட்டபின் பேசும் ஒழுங்கைக் கொண்டிருந்தது; துணை அலைகளைப் பங்கிடும் உத்தியோ 4ஜி கைப்பேசி வலையில் ஏற்கெனவே இருந்தது, அதைத்தான் 2021-இல் ஏற்கப்பட்ட ஆறாம் தலைமுறைத் தரநிலை கடன் வாங்கியது.

ஏழாம் தலைமுறையைப் பற்றிய ஆரவாரத்தை இந்தப் பின்னணியில்தான் எடைபோட வேண்டும். கோட்பாட்டளவில் 46 கிகாபிட் என்று பேசப்படும் அதன் வேகம் 320 மெகாஹெர்ட்ஸ் அகலத் தடத்தை நம்பியது. அந்த அகலம் 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மட்டுமே கிடைக்கும், 2025-இன் இந்திய வரைவு சொன்ன 500 மெகாஹெர்ட்ஸில் அத்தகைய தடம் ஒன்றே ஒன்றுதான் அடங்கும். வெளியிலிருந்து வரும் இணைப்பு 100 மெகாபிட் என்றால் உள்ளே எத்தனை கிகாபிட் ஓடியும் இணையம் விரையாது. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, அவ்வூரில் வெட்டிய பரமேசுவர தடாகத்துக்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வந்ததைச் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஏரி வெட்டியவர்கள் நீர் எங்கிருந்து வரும் என்பதை மறக்கவில்லை. பாரத்நெட் திட்டத்தின்கீழ் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணியை ஏற்றுள்ள தமிழ்நாடு கண்ணாடியிழை வலையமைப்பு நிறுவனத்தின் இழையோ, வேறு நிறுவனத்தின் இழையோ வாசலுக்கு வருமானால், முதல் செலவு அதற்கே உரியது.

மற்றவற்றை விரைவாகத் தீர்த்துவிடலாம். தனியார் 5ஜிக்கு நேரடியாக அலைக்கற்றை பெறுவது குறித்த தேவை ஆய்வுக்கு அரசு அழைத்தது 100 கோடி ரூபாய்க்கு மேல் நிகர மதிப்புள்ள நிறுவனங்களை. அது ஒரகடத்துக் கார் ஆலைகளின் கவலை, தறிக்கூடத்தின் கவலை அன்று. செயற்கைக்கோள் இணையம் இழை எட்டாத மலைக்கும் தீவுக்கும் உரியது. இரண்டு இணைப்புகளை மென்பொருளால் ஒன்றாக ஆளும் முறை, கிளைகள் பலவுள்ள கடைக்குப் பயன்படும். ஒற்றைக் கடைக்கு இன்னொரு நிறுவனத்தின் சிம் அட்டை செருகிய ரவுட்டர் போதும்.

எனவே இப்போதைக்கு வாங்கத் தக்கது ஆறாம் தலைமுறை ரவுட்டர்தான், அதுவும் கருவிகளில் பாதியேனும் அதே தலைமுறையாக இருந்தால் மட்டுமே. பழைய கருவிகளுக்குப் பங்கீட்டு முறை தெரியாது. வாங்குமுன், ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தைய மாலையில் கடை நிறைந்திருக்கும்போது பெட்டியைப் பொருத்திக் காட்டுமாறு விற்பவரைக் கேட்க வேண்டும்; ஆளில்லாத கடையில் காலை பத்து மணிக்கு எந்த ரவுட்டரும் நன்றாகவே ஓடும்.