காவேரியின் இரு தாயாதிகள்

மேட்டூருக்குப் போகிறவர்கள் அணையைப் பார்த்து, பூங்காவில் சற்று இளைப்பாறி, வறுத்த மீனையும் ஒரு கை பார்த்துவிட்டு ஊர் திரும்புவது வழக்கம். நாமும் பல வருஷங்கள் அப்படியே சென்று வந்தவர்கள்தாம். ஆனால் காவேரியின் ராஜா என்று சொல்லத்தக்க மீன் எது என்று விசாரித்தோமில்லை.

அதுதான் மகசீர் என்னும் பெருங்கெண்டை. காவேரியில் இன்று அதில் இரு வகைகள் உண்டு, இரண்டும் தாயாதிகள். ஒன்றின் துடுப்புகள் நீலம் பாய்ந்தவை. மற்றதன் துடுப்புகளோ ஆரஞ்சு நிறம். தலைக்குப் பின்னால் காங்கேயம் காளையைப்போல் திமில் எழும்பி நிற்கும். 1946-இல் கபினி ஆற்றில் தூண்டிலில் அகப்பட்ட திமில் மீன் ஒன்று 120 றாத்தல் இருந்ததாம்! நம் மேல் வகுப்புப் பையன்களில் பலர் அந்த எடை இருக்கமாட்டார்கள்.

நீலத் துடுப்புக்காரர் புனா பக்கத்து ஆற்றிலிருந்து 1839-லேயே சாஸ்திரப் பெயர் பெற்றுவிட்டார். காவேரிக்கே உரிய திமில் மீனுக்கோ 2018 வரை பெயர் நிச்சயப்படவில்லை. கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த மீன்களுக்கு, மீனாராய்ச்சியில் தேர்ந்த ரெமாதேவி அம்மையாரின் பெயரை முன்பே சூட்டியிருந்தார்கள். இதுவும் அதே இனம் என்று அவ்வருஷந்தான் தெளிந்தது. பாம்பாறு வேறெங்கோ இருப்பதல்ல. அதன் ஜலம் அமராவதியாகிக் கரூருக்கு அருகே, நமது மோகனூரிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில், காவேரியில் கலக்கிறது.

பெயரில்லாத குறை எங்கே கொண்டுபோய் விட்டது, பாருங்கள். மகசீர் குறைகிறதென்று 1970-களில் லோனாவாலாவில் டாட்டா மின்சாரக் கம்பெனியார் குஞ்சு வளர்க்கத் தொடங்கினார்கள். வளர்த்தது நீலத் துடுப்பு. அந்தக் குஞ்சுகள் காவேரியிலும் விடப்பட்டன. நோக்கம் நல்லதே, மகசீரும் பெருகியது. பெருகியது விருந்தாளி, மெலிந்தது வீட்டுக்காரன். இரண்டையும் ஒரே பெயரில் கணக்கெழுதியதால் இது வெகுகாலம் தெரியவில்லை. கர்நாடகப் பகுதியில் தூண்டிற்காரர்கள் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த குறிப்புகளைப் பிரித்துப் பார்த்த பிறகே உண்மை வெளிப்பட்டது. 2018-இல் திமில் மீன் அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் உலகப் பட்டியலில் ஏறியது.

மீன்களுக்கு வெடி வைப்பதும் ஒரு காரணம். அணைகளும் ஒரு காரணமே. 1934-இல் முடிந்த மேட்டூர் அணை நமக்குச் சோறு போடுகிறது. அதைக் குறை கூற நாவெழவில்லை. ஆயினும் முட்டையிட ஆற்றின் மேல் நோக்கிச் செல்லும் மீனுக்கு அணை என்பது சுவர்தானே!

2015-இல் நீலகிரியடிவாரத்து மோயாற்றில் ஆராய்ச்சிக்காரர்கள் திமில் மீன் சிலவற்றைக் கண்டார்கள். மேட்டூரில் வயது முதிர்ந்த பரிசற்காரர் எவரையேனும் சந்திக்கும் வாசகர்கள், பழைய நாளில் வலையில் விழுந்த பெருங்கெண்டையின் துடுப்பு என்ன நிறம் என்று ஒரு வார்த்தை கேட்டுவர வேண்டுகிறோம்.