நோகாத கட்டி

மன்னார்ப் பக்கத்துப் பெரியமடுவில் யாருக்காவது கழுத்தோரம் நெல்லிக்காய் அளவில் ஒன்று தட்டுப்பட்டால், வீட்டில் முதலில் சொல்வது, "நெறி கட்டியிருக்கும்." நோவில்லை, காய்ச்சலில்லை. நெல் வெட்டு முடியட்டும், பார்க்கலாம். பள்ளமடுவுக்கு வந்து ஏ-32 வீதியால் மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் ஒருநாள் கூலி போய்விடும். அப்படியே வருடங்கள் ஓடும்.

பெரும்பாலும் அது நெறிதான். அபூர்வமாக, நரம்பின் உறையில் முளைத்த கட்டியாகவும் இருக்கும். நரம்பிழையைப் போர்த்தும் செல்களை 1839இல் விவரித்தவர் தியடோர் ஷ்வான். அவர் பெயரால் இது ஷ்வானோமா. மண்டையோட்டுக்கு வெளியே வரும் ஷ்வானோமாக்களில் கால்வாசிக்குக் குறையாமல் தலையிலும் கழுத்திலும்தான் வருகின்றன.

கழுத்தில் இருந்தால் வைத்தியரின் விரலே பாதிக் கதையைச் சொல்லிவிடும். கட்டி பக்கவாட்டில் அசையும். மேலும் கீழும் அசையாது. இரண்டு முளைகளுக்கிடையே இழுத்துக் கட்டிய மாட்டுக் கயிற்றின் முடிச்சும் அப்படித்தான். அழுத்தும்போது இருமல் வந்தால் சந்தேகம் வேகஸ் நரம்பின் மேல் விழும்.

"கான்சர் இல்லை" என்றதும் போன உயிர் திரும்பி வரும். எனக்கென்னவோ அடுத்த கேள்விதான் பெரிது: எந்த நரம்பு? வேகஸ் என்றால், வெட்டியெடுத்தபின் குரல் கம்மக்கூடும். பரிவு நரம்பென்றால் ஒரு பக்க இமை தாழும், கண்மணி சுருங்கும். பாங்கு சொல்பவருக்கும் பாடம் நடத்தும் ஆசிரியைக்கும் குரல் சின்ன விஷயமா? அதனால்தான், ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும் கட்டியை வைத்தியர்கள் சிலவேளை வெட்டாமல், எம்.ஆர்.ஐ. எடுத்துக் கவனித்தபடி விட்டுவைக்கிறார்கள். அது அசட்டையல்ல.

ஷ்வானோமா நரம்பின் ஓரத்தில் தனி உறைக்குள் வளரும். கைதேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் பலவேளை உறையைக் கீறி, நரம்பைக் காத்து, கட்டியை மட்டும் தோண்டியெடுப்பார். அதன் உறவான நியூரோபைப்ரோமா வேறு சாதி. தும்புக்குள் சிக்கிய மண்போல நரம்பிழைகளோடு கலந்திருக்கும். உடம்பில் ஆறு திட்டுகளோ கூடவோ இருந்தால் 1882இல் ரெக்லிங்ஹவுசன் விவரித்த பரம்பரை நோயையும் நினைக்கவேண்டும். அத்திட்டுகளின் நிறத்தை வெள்ளைக்காரர் பால்விட்ட கோப்பி என்பார்கள். நமக்குப் பால் தேத்தண்ணி.

தலைக்குள்ளே ஷ்வானோமா விரும்பிப் பிடிப்பது எட்டாவது நரம்பை, காதுக்குப் போவதை. கட்டி கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது. ஒரு காது மட்டும் மெல்ல மந்தமாகும், உள்ளே இரையும். காதுக் குறும்பி என்று எண்ணெய் விடுவார்கள். போனை மறுகாதுக்கு மாற்றியது எப்போதென்று நோயாளிக்கே நினைவிருக்காது.