விண்வெளி வீரரின் மூச்சில் ஒரு ரத்தக் கணக்கு

எட்டு நாள் பயணமாகத் திட்டமிடப்பட்டு 286 நாட்களாக நீண்டுவிட்ட விண்வெளி வாசத்தை முடித்துக்கொண்டு சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் 2025 மார்ச்சில் பூமிக்குத் திரும்பியபோது, படங்களில் தெரிந்த முகத்தின் மெலிவையும் முடியின் நரையையும் வைத்தே அவர்களுடைய உடல்நிலை குறித்துப் பலரும் தீர்ப்பு எழுதினர். எலும்பு தேய்வதும் தசை மெலிவதும் உண்மைதான், அவற்றைப் பற்றிப் போதிய அளவு எழுதப்பட்டும் இருக்கிறது. ஆனால் நெடுநாள் பயணம் செய்வோரின் ரத்தத்தில் நேரும் மாற்றம் எந்தப் படத்திலும் தெரிவதில்லை. அதை அளந்து காட்டியது கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் மருத்துவர் கீ த்ருடெல் தலைமையிலான குழு.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் தங்கிய 14 வீரர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவை இக்குழு 2022 ஜனவரியில் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியிட்டது. பூமியில் ஒரு மனித உடல் நொடிக்குச் சுமார் 20 லட்சம் ரத்தச் சிவப்பணுக்களை அழித்து, அதே அளவு புதிதாக உண்டாக்குகிறது. விண்வெளியில் அழிவு நொடிக்கு 30 லட்சமாகிறது, அதாவது 54 சதவீதம் கூடுகிறது என்பதே அவர்கள் கண்டது. இந்த எண்ணைவிட இது எண்ணப்பட்ட விதம்தான் வியப்புக்குரியது, ஏனெனில் அழிந்த அணுக்களை அவர்கள் ரத்தத்தில் தேடவில்லை, மூச்சில் தேடினார்கள்.

சுமார் 120 நாள் வாழ்ந்து விறைத்துப்போன சிவப்பணு, மண்ணீரலின் மிகக் குறுகிய பிளவுகளின் வழியே நெளிந்து வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்ள, அங்கே காத்திருக்கும் மேக்ரோபேஜ் என்னும் விழுங்கணுக்கள் அதை விழுங்கிச் செரிக்கின்றன. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் பகுதிக்கு ஹீம் என்று பெயர். நடுவில் ஓர் இரும்பு அணுவும் சுற்றிலும் ஒரு கரிம வளையமும் கொண்டது அது. 1968-ல் கண்டறியப்பட்ட ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதி இந்த வளையத்தை ஒரே ஓர் இடத்தில் வெட்டுகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் இருந்த கார்பன் அணு கார்பன் மோனாக்சைடாக வெளியேற, இரும்பு விடுபட, திறந்துகொண்ட வளையம் பிலிவெர்டின் என்ற பச்சை நிறப் பொருளாகிப் பிறகு பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப் பொருளாகிறது. அடிபட்டுக் கன்றிய தோல் முதலில் கருஞ்சிவப்பாகவும் சில நாளில் பச்சையாகவும் முடிவில் மஞ்சளாகவும் நிறம் மாறுவதில் எவரும் இந்த வேதிவினையைக் கண்ணாலேயே காணலாம்.

ஒரு ஹீம் சிதைந்தால் ஒரே ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு, அதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகளும் ஒவ்வொன்றிலும் நான்கு ஹீம்களும் இருப்பதால், ஒரு சிவப்பணு மடியும்போது ஏறத்தாழ நூறு கோடி கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் பிறந்து, ரத்தத்தில் ஏறி, நுரையீரலை அடைந்து மூச்சோடு வெளியேறுகின்றன. புகை பிடிக்காத, நலமுள்ள ஒருவரின் உடல்கூட இவ்வாறு நாளொன்றுக்குச் சுமார் 10 மில்லிலிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி அளவு, இந்த நச்சுவாயுவை உண்டாக்குகிறது.

பழைய நகையை உருக்கிப் புதிய நகை செய்யும் பத்தரின் பட்டறையோடு இதை ஒப்பிடலாம். கடையில் தொங்கும் நகைகளை எண்ணிப் பார்ப்பவருக்கு அன்று எத்தனை நகை உருகியது என்பது தெரியாது, ஏனெனில் உருகிய வேகத்திலேயே புதியவையும் வந்து தொங்கிக்கொண்டிருக்கும். பொன்னைப் பத்தர் ஒரு துளியும் வீணாக்காமல் எடுத்து வைத்துக்கொள்வதைப் போல உடலும் இரும்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கசடு பித்தத்தோடு வெளியே போகிறது. ஆனால் ஒவ்வொரு நகைக்கும் அதன் கண்ணிகளின் எண்ணிக்கைக்குச் சரியாக ஒரே அளவு புகைதான் எழும் என்றால், புகைபோக்கியின் அருகே நிற்பவர் உள்ளே நுழையாமலே முழுக் கணக்கையும் சொல்லிவிடலாம். விண்வெளி வீரர்கள் குடுவைகளுக்குள் ஊதி அனுப்பிய மூச்சுக் காற்றைக் கொண்டு ஒட்டாவா குழு செய்தது இதைத்தான். நிலையத்தின் காற்றிலேயே இருக்கும் கார்பன் மோனாக்சைடைக் கழித்தாக வேண்டும், தசையிலும் பிற இடங்களிலும் இருந்து வரும் சிறு பங்கையும் நினைவில் வைத்தாக வேண்டும். ரத்தத்தில் உள்ள இரும்பின் அளவும் உடன் பார்க்கப்பட்டது. அதுவும் உயர்ந்தே இருந்தது.

விண்வெளி சென்றவருக்கு ரத்தசோகை வருவது 1960-களின் ஜெமினி பயணங்களிலிருந்தே அறியப்பட்டதுதான். எடையற்ற நிலையில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைவதால் அதற்கு ஈடாக உடல் சுமார் பத்து நாளைக்குள் சில சிவப்பணுக்களைக் குறைத்துக்கொண்டு அமைதியடைகிறது என்பது நெடுங்காலம் நிலவிய விளக்கம். ஆறு மாதமும் அழிவு தணியாமல் தொடர்ந்தது என்ற புதிய முடிவு அந்த விளக்கத்தைப் போதாததாக்கிவிட்டது.

இங்கே எச்சரிக்கையும் தேவை. 54 சதவீதம் கூடுதல் அழிவு என்பது பாதி ரத்தம் போய்விட்டது என்று பொருள்படாது. உற்பத்தியும் கூடவே உயர்கிறது, இல்லையெனில் ஆறு மாதம் எவரும் தாங்கியிருக்க முடியாது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் 14 பேர் மட்டுமே. அழிவு கூடுவதற்கு எடையின்மைதான் காரணம் என்று கருதப்பட்டாலும், அது எந்த வழியாக அணுக்களை மடியச் செய்கிறது என்பது இன்னும் விளங்கவில்லை.

ஆயினும் உறுதியாகத் தெரிந்தவையே கவலை தரப் போதுமானவை. நீர்ப்பகுதி குறைந்து ரத்தம் அடர்ந்திருக்கும் வரை சிவப்பணுக் குறைவு மறைந்தே இருக்கிறது. பூமிக்கு வந்து நீர்ப்பகுதி மீண்டும் நிறையும்போதுதான் அது வெளிப்படுகிறது. திரும்பியதும் ரத்தம் எடுக்கப்பட்ட 13 பேரில் 5 பேருக்கு ரத்தசோகை இருந்தது. மூன்று, நான்கு மாதங்களில் அது படிப்படியாகச் சரியானாலும், ஓராண்டு கழித்தும் அழிவின் வேகம் பயணத்துக்கு முந்தைய அளவைவிட 30 சதவீதம் கூடுதலாகவே இருந்தது. செவ்வாயில் மனிதரைக் குடியேற்றும் நாளைக் குறித்துச் சொல்லும் அறிவிப்புகள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. பல மாதப் பயணத்துக்குப் பின் செவ்வாயில் இறங்கும் உடலுக்கு எடை திரும்பும், அதனோடு மறைந்திருந்த ரத்தசோகையும் வெளிப்படலாம். ஆனால் கைத்தாங்கலாக இறக்கிவிட அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

இந்த ஆராய்ச்சியின் பயன் விண்வெளியோடு முடிவதில்லை. த்ருடெல் மறுவாழ்வு மருத்துவர். நெடுநாள் படுக்கையில் கிடப்போரின் எலும்பு மஜ்ஜையையும் ரத்தத்தையும் ஆராய்ந்தவர். தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் அசையாமல் கிடப்போருக்கும் ரத்தசோகை வருகிறது, அது உடல் தேறுவதைத் தாமதப்படுத்துகிறது. அதற்கும் சிவப்பணு அழிவு கூடுவதுதான் காரணமா என்பதை இதே வழியில் ஆராயலாம்.

பணம் செலுத்தும் பயணிகளை விண்வெளிக்கு ஏற்றிச்செல்லும் நிறுவனங்கள், ஏற்கெனவே ரத்தசோகையோ இதயக் கோளாறோ உள்ளவர்களைப் புறப்படும் முன்பே பரிசோதித்துக் கண்டறிய வேண்டும். நெடுநாள் தங்கித் திரும்பியவர்களின் ரத்தத்தைக் குறைந்தது ஓராண்டேனும் கண்காணிக்க வேண்டும். பயணச்சீட்டின் விலையோடு ஒப்பிட்டால் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.