யன்னலோரக் கறிவேப்பிலை

ரூ காய் கடைகளிற் கறிவேப்பிலை வாங்கும் நம்மவர் சிலர், ஊர் நினைவில் ஒரு கன்றையும் வீட்டினுள்ளே வளர்க்கின்றனர். குளிர்காலத்தில் அது இலை உதிர்ப்பது இயல்பே. ஆனால் இலையடியில் ஒட்டியிருக்கும் செதிற்பூச்சியையும், அது சுரக்கும் இனிப்பு நீரிற் கரும்பூஞ்சணம் படர்வதையும் பலர் கவனிப்பதில்லை.

உடனே நஞ்சு தேட வேண்டாம். வீட்டுத் தோட்டக்காரருக்குச் செயற்கைப் பூச்சிகொல்லி விற்பதைப் பிரான்சு 2019 சனவரி முதல் தடைசெய்துள்ளது. கறிச்சட்டிக்குப் போகும் இலையாதலால் அது நமக்கு நன்மையே. வாசனை சேர்க்காத 'சவோன் நுவார்' சவர்க்காரத்தைச் சிறிதளவு இளஞ்சூட்டு நீரிற் கரைத்து, மென்துணியால் இலையின் இருபுறமும் துடையுங்கள். மறுநாள் வெறும் நீரால் கழுவிவிடுங்கள். உதிர்ந்த இலைகளைச் சாடியில் அழுக விடாதீர்கள். தட்டில் தேங்கிய நீரையும் ஊற்றிவிடுங்கள். சாடியைச் சுற்றிப் பறக்கும் சிறு கரிய ஈக்கள் முட்டையிடுவது ஈரமண்ணிலேயே.

ஒரே அறையில் நால்வர் உறங்கி, சமைத்து, துணியும் உலர்த்தும் வீட்டிற் சாடியின் ஈரம் சொற்பம். சுவரிற் பூஞ்சணம் படர்ந்தால் செடியைப் பழிப்பது நியாயமன்று. அப்பூஞ்சணமோ பிள்ளைகளின் ஆஸ்துமாவை மோசமாக்கும். நாம் குளிருக்கு அஞ்சி யன்னலை அடைத்துவிடுகிறோம். இந்நாட்டுச் சுகாதாரத்துறையோ மாரியிலும் நாளுக்கு 10 நிமிடமேனும் திறக்கச் சொல்கிறது. அவ்வேளை செடியை மட்டும் உள்ளே தள்ளி வையுங்கள். குளிர்காற்று அதற்கு ஆகாது.