வரைபடத்துக்கு இடமில்லை பாஸ்!

எம்.ஏ. எகனாமிக்ஸ் முடிச்சுட்டு காலேஜ் லெக்சரர் ஆகணும்னு ஆசையா? அப்போ 'நெட்' தேர்வு வாசல்ல நீங்க ஒருநாள் நிக்க வேண்டி வரலாம். (இன்ஜினீயரிங் படிக்கற ஆளுக்கு இதுல என்ன வேலைன்னு கேக்கறீங்களா? சரவணம்பட்டி சத்தி ரோடு டீக்கடையில எங்க செட்டுல எகனாமிக்ஸ் பார்ட்டிகளும் உண்டுங்க. அவங்க புலம்பலைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சாச்சு!)

2012 ஜூனுக்கு முன்னாடி 'நெட்'டில் மூணாவது தாள் விரிவா எழுதற தாள். இரண்டரை மணி நேரம், 200 மார்க். கை வலிக்க எழுதணும். அந்த ஜூன்ல அதையும் 75 கேள்வி கொண்ட அப்ஜெக்டிவ் தாளாக்கினாங்க. 2018 ஜூலையில மூணாவது தாளே காலி! இப்போ பொது அறிவு, ஆராய்ச்சித் திறன் மாதிரி விஷயங்களுக்கு 50 கேள்வி, உங்க பாடத்துக்கு 100 கேள்வி, மொத்தம் 300 மார்க். 2018 டிசம்பரில் இருந்து கம்ப்யூட்டர்லதான் தேர்வு. நடுவுல 2024 ஜூன் 18-ல மட்டும் மறுபடி பேப்பருக்குப் போனாங்க. ஒன்பது லட்சத்துக்கு மேல பேர் எழுதினாங்க. மறுநாளே ரத்து! ஆகஸ்ட், செப்டம்பர்ல திரும்ப கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சாங்க.

சரி, இதுல எகனாமிக்ஸுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல் வருத்தம்? ஒரு கேள்வி சொல்றேன். நூல் விலை ஏறினா திருப்பூர் பனியன் விலை என்ன ஆகும்? எழுதச் சொன்னா நீங்க முதல்ல படம் போடுவீங்க. அளிப்புக் கோடு இடப்பக்கம் நகரும், விலை ஏறும். ஆனா எவ்வளவு ஏறும்? அது வாங்கறவங்களோட தேவை நெகிழ்ச்சியைப் பொறுத்தது. பழைய விலைக்கே எக்ஸ்போர்ட் ஆர்டர் ஒத்துக்கிட்ட முதலாளி அந்த நஷ்டத்தைத் தானே சுமக்கணும். இந்த 'ஆனா'வில்தான் பாடமே இருக்கு. 'கூற்று சரி, காரணம் சரி, ஆனா காரணம் கூற்றை விளக்கவில்லை'ன்னு நாலு ஆப்ஷன்ல ஒண்ணைத் தட்டறப்போ, அதை நீங்க யோசிச்சீங்களா, குருட்டாம்போக்குல அடிச்சீங்களான்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு கிளாஸ்ல போர்டு முன்னாடி நின்னு படம் போட்டு விளக்கப்போறவரைத் தேர்ந்தெடுக்கற பரீட்சைங்க இது!

அதுக்காக பழசுதான் சொர்க்கம்னு சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கான பேப்பரை ஆளாளுக்குத் திருத்தினா, ஒருத்தர் தாராளம், இன்னொருத்தர் கறார். இப்போ விடைக் குறிப்பு வெளியாகுது. தப்புன்னு பட்டா கேள்விக்கு 200 ரூபாய் கட்டி சேலஞ்ச் பண்ணலாம். நெகட்டிவ் மார்க்கும் இல்லை. அதனால ஒண்ணையும் விடாம அடிங்க. கண்ணை மூடி அடிச்சாலும் பாடத் தாள்ல சராசரியா 25 சரியா விழும், அதாவது 50 மார்க். ஆனா பொதுப் பிரிவுல ரெண்டு தாளும் சேர்த்து 40 சதவீதம் வேணும். அது தாண்டினாலும், எழுதினவங்கள்ல 6 சதவீதம் பேருக்குத்தான் தகுதி.

எனக்கு நிஜமா உறுத்தறது வேற. தமிழ் மீடியத்துல பி.ஏ. எகனாமிக்ஸ் படிச்சவங்க நம்ம ஊர்ல எக்கச்சக்கம். 'நெட்' எகனாமிக்ஸ் கேள்வி இங்கிலீஷ்லயும் ஹிந்திலயும் மட்டும்தான். எழுதற தாள்ல இங்கிலீஷ் கொஞ்சம் தடுக்கினாலும் படம் கைகொடுக்கும். அப்ஜெக்டிவ்ல 'நாட்', 'ஒன்லி'ன்னு ஒரு சின்ன வார்த்தையைத் தவறவிட்டா மார்க் போச்சு. அதனால தமிழ் மீடியம் நண்பர்களே, நெகிழ்ச்சிக்கு இலாஸ்டிசிட்டி, பணவீக்கத்துக்கு இன்ஃப்ளேஷன்னு ஒரு நோட்டுல ரெண்டு பத்தி போட்டு இன்னைக்கே எழுத ஆரம்பிங்க. நேரம் வெச்சு பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பாருங்க. படம் போடறதையும் விட்டுடாதீங்க. ரஃப் ஷீட்ல போடற படத்துக்கு மார்க் கிடையாது, ஆனா விடை அங்கேதான் கிடைக்கும்!