வாய்மையே முதற்சோதனை

நுழையும்முன்

குருதியை எந்த ஆலையிலும் உருவாக்க இயலாது. ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்குச் செல்லும் அக்கொடை உயிரைக் காக்க வல்லது. பிழை நேர்ந்தால் உயிருக்கு ஊறு செய்யவும் வல்லது. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே நிகழ்வன யாவை, அவற்றுள் முதன்மையானது எது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அமுதசுரபியும் குருதிவங்கியும்

மழை பொய்த்துப் பசியால் வாடிய காஞ்சி மாநகருக்கு மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி வந்ததாகச் சீத்தலைச் சாத்தனாரின் காப்பியம் கூறுகிறது. அள்ள அள்ளக் குறையாத அப்பாத்திரம் ஊரின் பசிப்பிணியைத் தீர்த்தது. அதே காஞ்சியில் இன்று வேறொரு தேவைக்காக மக்கள் காத்திருக்கின்றனர். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மகப்பேற்றின்போது மிகுதியான குருதியை இழந்த தாய், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளான பயணி, காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெறும் குழந்தை ஆகிய எவருக்கும் எந்நேரத்திலும் குருதி தேவைப்படலாம்.

குருதிவங்கியோ அமுதசுரபி போன்றதன்று. அங்குள்ள குளிர்பெட்டியில் 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்கப்படும் குருதி, வழக்கமான உறைதடுப்புக் கரைசலுடன் 35 நாள்களே பயன்படும். குருதியிலிருந்து பிரிக்கப்படும் தட்டணுக்களின் ஆயுள் ஏறத்தாழ 5 நாள்களே. அதனைக் குளிர்பெட்டியில் வைக்கவும் இயலாது. 20 முதல் 24 டிகிரி வெப்பநிலையில் இடைவிடாது அசைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். ஆகவே, இன்று நிறைந்திருக்கும் வங்கி அடுத்த திங்களில் வெறுமையாகிவிடக்கூடும். மனிதர் மனமுவந்து கொடுத்தால் மட்டுமே அது மீண்டும் நிறையும்.

குருதிக்கும் பிரிவு உண்டு

ஒருவர் குருதியை மற்றொருவருக்கு ஏற்றும் முயற்சி நெடுங்காலத்திற்கு முன்பே தொடங்கியது. சிலர் பிழைத்தனர், பலர் மாண்டனர். காரணம் எவருக்கும் விளங்கவில்லை. வியன்னா நகரில் ஆய்வு செய்த கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் 1901ஆம் ஆண்டில் அம்மறைபொருளை விடுவித்தார். ஒருவரின் சிவப்பணுக்களை மற்றொருவரின் குருதி நீருடன் கலந்தபோது, சிலவற்றில் அணுக்கள் திரண்டு கட்டியாவதையும் சிலவற்றில் அவ்வாறு ஆகாமையையும் அவர் கண்டார். ஏ, பி, ஓ என்னும் பிரிவுகள் இவ்வாறு அறியப்பட்டன. மறு ஆண்டில் ஏபி என்னும் நான்காம் பிரிவு கண்டறியப்பட்டது. ஆர்எச் காரணி 1940ஆம் ஆண்டில் வெளியுலகிற்கு அறிவிக்கப்பட்டது. லேண்ட்ஸ்டெய்னருக்கு 1930ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர் பிறந்த ஜூன் 14ஆம் நாளே உலகக் குருதிக்கொடையாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

பிரிவு பொருந்தினால் போதும், குருதியேற்றம் பாதுகாப்பானதாகிவிடும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்தை மாற்றிய நிகழ்வுகளுள் ஒன்று தமிழ்நாட்டில் நடைபெற்றது.

சென்னை தந்த எச்சரிக்கை

எய்ட்ஸ் என்பது மேலைநாடுகளின் நோய் என்றும், இந்தியாவிற்கு அது வாராது என்றும் பலர் நம்பியிருந்த காலம் அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறையில் பணியாற்றிய மருத்துவர் சுனிதி சாலமன், தம் முதுநிலை மாணவி நிர்மலாவை இதுகுறித்து ஆராயப் பணித்தார். நிர்மலா குருதி மாதிரிகளைச் சேகரித்துத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் பாதுகாத்தார். சோதிக்கும் வசதி அப்போது சென்னையில் இல்லாமையால் அவை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் செல்லப்பட்டன. 1986ஆம் ஆண்டில் அவற்றுட் சில, எச்.ஐ.வி. தொற்று இந்தியாவிலும் உள்ளது என்பதை உறுதிசெய்தன.

அம்முடிவு குருதிவங்கிகளை நோக்கி ஒரு வினாவை எழுப்பியது. தொற்று இங்கே இருக்குமாயின், வங்கியில் இருக்கும் குருதி எத்தகையது? அவ்வினாவிற்கு அஞ்சுவதற்குரிய காரணமும் இருந்தது. அந்நாளில் குருதியின் ஒரு பகுதி விலைக்கு வாங்கப்பட்டது. வறுமையால் குருதியை விற்றவர், தமக்கு இருந்த நோயைச் சொன்னால் அன்றைய வருவாயை இழப்பார்; சென்ற வாரம்தான் குருதி கொடுத்தேன் என்று சொன்னாலும் இழப்பார். எனவே, உண்மையை மறைக்குமாறு வறுமை அவரைத் தூண்டியது. அவர் உடலும் நலிந்தது. அவர் குருதியைப் பெற்றவரும் இடருக்குள்ளானார்.

காமன் காஸ் என்னும் அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கில், 1996ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குருதியை விலைக்கு விற்பதை ஒழிக்க வேண்டும், உரிமமின்றி வங்கிகள் இயங்கக் கூடாது, நாடு முழுமைக்கும் குருதியேற்றக் குழுமம் ஒன்று அமைக்கப்பட வேண்டும் என அது நெறிப்படுத்தியது. 1998 ஜனவரி 1 முதல் இந்தியாவில் குருதி விற்பனை தடைசெய்யப்பட்டது.

சோதனைகளும் அவற்றின் எல்லையும்

காஞ்சிப் பட்டில் ஓடும் சரிகை, பட்டு இழையின்மீது வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசி உருவாக்கப்படுவது. போலிச் சரிகையும் அதே ஒளியுடன் மின்னும். வெள்ளியும் பொன்னும் எவ்வளவு உள்ளன என்பதைக் கண்ணால் அறிய இயலாது; சோதித்தே அறிதல் வேண்டும். குருதியும் அத்தகையதே. தொற்றுள்ள குருதியும் தூய குருதியும் நிறத்தால் வேறுபடுவதில்லை. குருதி கொடுப்பவரின் தோற்றமோ செல்வமோ கல்வியோ அவர் குருதியின் தூய்மைக்குச் சான்றாகா.

ஆகவேதான், கொடையாகப் பெறப்படும் ஒவ்வோர் அலகுக் குருதியும் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, கல்லீரல் அழற்சி சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்திற்கும் கட்டாயமாகச் சோதிக்கப்படுகிறது. ஒன்றில் ஐயம் எழுந்தாலும் அக்குருதி எவருக்கும் ஏற்றப்படுவதில்லை.

எனினும், சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. தொற்றுக்கிருமி உடலில் நுழைந்த உடனே சோதனையில் வெளிப்படுவதில்லை. சோதனையின் வகைக்கேற்பச் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை அது கருவிக்குப் புலப்படாமல் இருக்கும். இதனைச் சாளரக் காலம் என்பர். அக்காலத்தில் சோதனை முடிவு தொற்று இல்லை என்று காட்டும். ஆயினும் அக்குருதி பிறருக்குத் தொற்றை அளிக்கக்கூடும். இவ்விடைவெளியைக் குறைக்கப் புதிய கருவிகள் வந்துள்ளன. முற்றிலும் நீக்கும் கருவி இதுவரை இல்லை. கருவி காணாத அவ்விடத்தைக் காணக்கூடியவர் ஒருவரே. அவர் குருதி கொடுப்பவர்.

கொடையாளரின் சொல்

குருதி எடுப்பதற்கு முன்னர்க் கொடையாளரிடம் ஒரு வினாப்படிவம் தரப்படுகிறது. அண்மையில் காய்ச்சல் வந்ததா, மஞ்சள் காமாலை இருந்ததா, என்னென்ன மருந்துகள் உட்கொள்ளப்படுகின்றன, பச்சை குத்திக்கொண்டது உண்டா, அறுவை சிகிச்சை நடந்ததா, தொற்று ஏற்படத்தக்க சூழலுக்கு உள்ளானது உண்டா என்பன போன்ற வினாக்கள் அதில் இருக்கும். இவ்வினாக்கள் எவரையும் இழிவுபடுத்துவதற்காகக் கேட்கப்படுவன அல்ல. முகம் அறியாத ஒரு நோயாளியின் சார்பில் கேட்கப்படுவன. அவற்றிற்கு உண்மையான விடையளிப்பதே குருதிக்குச் செய்யப்படும் முதற்சோதனை.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. உறவினர் மருத்துவமனையில் இருக்க, குடும்பத்தார் அனைவரும் சூழ்ந்து நின்று, "நீ கொடு" என்று ஓர் இளைஞரை அழைக்கும்போது, தம் உடல்நிலையைப் பலர் முன்னிலையில் சொல்ல அவர் தயங்குவார். மறுத்தால் அன்பற்றவர் என்னும் பெயர் வரும். அதனால் மறைத்துக் கொடுப்பவரும் உண்டு. இதன் பொருட்டே மருத்துவருடனான உரையாடல் தனியறையில் நிகழ வேண்டும் என்றும், கொடையாளர் சொல்பவை கமுக்கமாகக் காக்கப்பட வேண்டும் என்றும் விதிக்கப்பட்டுள்ளது. "இன்று நான் கொடுக்கத் தக்கவன் அல்லேன்" என்று சொல்வதும் ஒருவகைக் கொடையே. கொடுத்து முடித்த பின்னர் ஐயம் தோன்றினாலும், உடனே வங்கிக்குத் தெரிவித்தால் அக்குருதி நிறுத்திவைக்கப்படும்.

வற்புறுத்தலோ ஊதியமோ இன்றித் தாமே முன்வந்து, குறித்த இடைவெளியில் தொடர்ந்து கொடுப்பவரின் குருதியே மிகவும் பாதுகாப்பானது என உலக நல நிறுவனம் கூறுவதற்குக் காரணமும் இதுவே. அவருக்கு மறைப்பதற்கு எந்தத் தேவையும் இல்லை.

> தெரிந்து தெளிவோம்
> இந்தியாவில் குருதிக்கொடை அளிப்பதற்கான பொதுத் தகுதிகள்
> • வயது 18 முதல் 65 வரை
> • உடல் எடை 45 கிலோகிராமுக்குக் குறையாமை
> • ஹீமோகுளோபின் 100 மி.லி.க்கு 12.5 கிராமுக்குக் குறையாமை
> • ஒரு கொடைக்கும் அடுத்த கொடைக்கும் இடையே ஆண்களுக்கு 3 திங்கள், பெண்களுக்கு 4 திங்கள் இடைவெளி
> தேசியத் தன்னார்வக் குருதிக்கொடை நாள்: அக்டோபர் 1

ஓர் இழை அறுந்தபோது

2018ஆம் ஆண்டின் இறுதியில் விருதுநகர் மாவட்டத்தில், குருதிச்சோகையால் வாடிய கருவுற்ற பெண் ஒருவருக்கு அரசு மருத்துவமனையில் குருதி ஏற்றப்பட்டது. அக்குருதியில் எச்.ஐ.வி. இருந்தமை பின்னரே தெரியவந்தது. அதனைக் கொடுத்த இளைஞர், உறவினர் ஒருவருக்கு உதவும் நோக்குடன் கொடுத்தவர். தமக்குத் தொற்று இருப்பதை அப்போது அறியாதவர். வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட சோதனையில் அதனை அறிந்ததும், தாமே சென்று மருத்துவமனையில் தெரிவித்தார். ஆனால், குருதி அதற்குள் ஏற்றப்பட்டுவிட்டது.

ஈராண்டுகளுக்கு முன்னரே அவர் ஒரு முகாமில் குருதி கொடுத்திருந்தார் என்பதும், அப்போதே தொற்று அறியப்பட்டும் அச்செய்தி அவரைச் சென்றடையவில்லை என்பதும் பின்னர் வெளியாயின. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. இந்நிகழ்வில் அவ்விளைஞர் உண்மையை மறைக்கவில்லை. அவருக்குரிய உண்மையை மற்றவர்கள் அவரிடம் சேர்க்கவில்லை. வாய்மை கொடுப்பவருக்கு மட்டும் உரிய கடமை அன்று. சோதிப்பவருக்கும், முடிவைப் பதிவேட்டில் எழுதுபவருக்கும், அதனைக் கொடையாளருக்குத் தெரிவிப்பவருக்கும் அது பொதுவான கடமை.

படுக்கையருகே

குருதி நோயாளியைச் சென்றடையும்போதும் விழிப்பு தேவை. வங்கியில் நோயாளியின் குருதியும் கொடையாளரின் குருதியும் கலந்து பொருத்தம் பார்க்கப்படும். ஆயினும், நோயாளியிடம் எடுத்த மாதிரியின்மீது வேறொருவர் பெயரை ஒட்டிவிட்டால் அச்சோதனை முழுதும் வீணாகும். ஒரே பிரிவறையில் ஒரே பெயருடைய இருவர் இருப்பதும் இயல்பே. ஆகவே பெயர், மருத்துவமனைப் பதிவெண், குருதிப் பிரிவு, பையின் எண், காலாவதி நாள் ஆகியவற்றை நோயாளியின் படுக்கையருகிலேயே இருவர் தனித்தனியே சரிபார்த்தல் வேண்டும். காஞ்சிப் பட்டின் உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வை நெசவில், தறியில் அமர்ந்தவருடன் துணையாள் ஒருவரும் இருந்தே நாடாவைக் கைமாற்றுவர். ஒருவர் கவனம் தவறும் இடத்தை மற்றவர் கவனம் காக்கிறது. குருதியேற்றத்திலும் அவ்வாறே.

ஏற்றத் தொடங்கிய முதல் 15 நிமிடங்கள் நோயாளியை உடனிருந்து கவனிக்க வேண்டும். நடுக்கம், காய்ச்சல், முதுகுவலி, மூச்சுத்திணறல், தடிப்பு ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றின் செவிலியரிடம் உடனே கூற வேண்டும். அவர் ஏற்றத்தை நிறுத்தி மருத்துவரை அழைப்பார். நோயாளியின் உறவினரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

அச்சமும் தெளிவும்

குருதி கொடுத்தால் உடல் நிரந்தரமாகத் தளர்ந்துவிடும் என்னும் அச்சம் இன்றும் உண்டு. வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி உள்ளது. கொடையாக எடுக்கப்படுவது 350 அல்லது 450 மில்லிலிட்டர். குருதியின் நீர்ப்பகுதி ஓரிரு நாள்களில் ஈடுசெய்யப்படும்; சிவப்பணுக்கள் சில வாரங்களில் மீளும். ஒவ்வொருவருக்கும் புதிய ஊசியே பயன்படுத்தப்படுவதால் கொடுப்பவருக்குத் தொற்று வர வழியில்லை. அதே வேளையில் குருதிச்சோகை உடையவர், கருவுற்றவர், பாலூட்டும் தாய் ஆகியோர் கொடுத்தல் கூடாது. அவர்களைத் தடுப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே. ஹீமோகுளோபின் குறைவால் திருப்பி அனுப்பப்படும் மாணவி, தம் உடல்நலத்தைப் பேணவேண்டிய செய்தியை அன்று அறிந்துகொள்கிறார்.

பதினோராம் வகுப்பில் பயிலும் மாணவர் குருதி கொடுக்கும் வயதை இன்னும் எட்டவில்லை. ஆயினும், தம் குருதிப் பிரிவை அறிதல், இரும்புச்சத்துள்ள உணவை உண்ணுதல், வீட்டிலுள்ளோரின் தவறான அச்சத்தைப் போக்குதல் ஆகியன இன்றே செய்யத்தக்கவை. 18 வயது நிறையும் நாளில் அவருள் ஒருவர் குருதிவங்கியின் வினாப்படிவத்தைக் கையில் ஏந்துவார். அவர் எழுதும் ஒவ்வொரு விடையையும் நம்பி, பெயர் அறியாத ஒருவர் எங்கோ ஒரு மருத்துவமனையில் கை நீட்டிப் படுத்திருப்பார்.

கற்பவை கற்றபின்

1. சாளரக் காலம் என்பதனை எளிய சொற்களில் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு விளக்கி, அவர்கள் எழுப்பும் ஐயங்களைத் தொகுத்து வருக.
2. 'கொடுக்க மறுப்பதும் ஒரு கொடையே' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.
3. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள குருதிவங்கிக்கு ஆசிரியருடன் சென்று, ஓர் அலகுக் குருதி கொடையாளரிடமிருந்து நோயாளியைச் சேரும் வரையிலான படிநிலைகளைக் கண்டு அறிக்கை எழுதுக.