வான்வழித் தூரமும் வாசல்வழி நேரமும்

மணிப்பூரின் தலைநகர் இம்பாலுக்கும் மேகாலயாவின் தலைநகர் ஷில்லாங்குக்கும் இடைப்பட்ட தூரம் எவ்வளவு? இரு நகரங்களின் விமான நிலையங்களையும் நேர்க்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 220 கி.மீ. மட்டுமே. எனினும், மலைகளைச் சுற்றிச் செல்லும் சாலையில் இப்பயணம் சுமார் 12 மணி நேரத்தை விழுங்கிவிடும். குவாஹாட்டி வரை விமானத்தில் சென்று, அங்கிருந்து மலைப்பாதையில் ஷில்லாங் ஏறுவதே மாற்று வழியாக இருந்தது.

2021 ஜூலையில் உடான் திட்டத்தின்கீழ் இவ்விரு நகரங்களுக்கிடையே நேரடி விமான சேவை தொடங்கப்பட்டது. இம்பாலிலிருந்து ஷில்லாங்குக்கு 60 நிமிடங்கள், திரும்பி வர 75 நிமிடங்கள் என அப்போது அறிவிக்கப்பட்டது. ஷில்லாங்கில் வடகிழக்கு மாநிலங்களுக்கான மத்திய அரசின் உயர் மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. மத்தியப் பல்கலைக்கழகமும் உள்ளது. நோயாளியை அழைத்துச் செல்லும் குடும்பத்துக்கு இந்நேர வேறுபாடு எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இங்கு ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். இத்தகைய தடங்களில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 ரக விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. அவ்வேகத்தில் 220 கி.மீ. கடக்க 26 நிமிடங்கள் போதும். அட்டவணையோ 60 நிமிடம் என்கிறது. விமானம் நிறுத்தத்திலிருந்து நகர்ந்து ஓடுதளம் சேர்வது, மேலெழுவது, இறங்குமுன் உயரத்தைக் குறைப்பது, மலைகளை ஒட்டிய அணுகுபாதையில் திரும்புவது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். தூரம் குறையக் குறைய இந்த நிலையான நேரத்தின் பங்கு கூடுகிறது.

பயணி கணக்கிட வேண்டியது வாசலிலிருந்து வாசல் வரையான நேரம். இம்பாலில் வீட்டிலிருந்து விமான நிலையம் சேர அரை மணி, முன்கூட்டிய வருகைக்கு இரண்டு மணி, பயணம் ஒரு மணி, பெட்டி பெற அரை மணி, உம்ரோய் விமான நிலையத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவிலுள்ள ஷில்லாங் நகரை அடைய ஒரு மணி: ஆக மொத்தம் ஐந்து மணி நேரம். சாலைவழியை ஒப்பிட ஏழு மணி நேரம் மிச்சம். இந்த ஏழு மணிக்காகவே கூடுதல் கட்டணம் செலுத்துகிறோம் என்று உணர்ந்தால், அது தகுமா என்பதை அவரவரே தீர்மானிக்கலாம்.

உடான் தடங்களில் குறிப்பிட்ட இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு உண்டு. அதனால் விமான நிறுவனத்துக்கு ஏற்படும் பற்றாக்குறையை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்து ஈடுசெய்கின்றன. வடகிழக்கு மாநிலங்களின் பங்கு 10 விழுக்காடு மட்டுமே. இவ்வுதவி பொதுவாக மூன்றாண்டுகளுக்கே வழங்கப்படுகிறது. அதன்பின் சேவை குறையவோ நிற்கவோ கூடும். ஆகவே, மருத்துவரிடம் நாள் குறிக்கும் முன்னரே நடப்பு அட்டவணையைச் சரிபார்ப்பது நலம்.

இணைப்பு விமானம் தேவைப்பட்டால் ஒரே பயணச்சீட்டாக முன்பதிவு செய்யுங்கள். தனித்தனியே வாங்கிய சீட்டுகளில் முதல் விமானம் தாமதித்தால், தவறவிட்ட இரண்டாவது பயணத்தின் இழப்பு பெரும்பாலும் உங்களையே சேரும். மழைக்காலத்தில் மேகமூட்டத்தால் தாமதமும் ரத்தும் நேர்வதுண்டு. பயணக் காப்பீடு எவற்றை ஈடுசெய்யும் என்பதை நிபந்தனைகளில் படித்தறிந்து, ஓர் இரவு தங்கும் செலவுக்கான தொகையைத் தனியே ஒதுக்கி வைத்துப் புறப்படுவது விவேகம்.